வெள்ளைத் துணியில் விழுந்த நிழல்

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த செபாஸ்டியன், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னலோர மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று கொய்யாப் பழங்களை வைத்து வாட்டர்கலரில் வரைவார். வெயில் படும் இடங்களில் வர்ணம் தொடாமல் தாளை வெறுமையாக விட்டுவிடுவார். அந்த வெளிச்சம் பதினைந்து நிமிடம்தான் நிற்கும்.

எட்டு வயது மகள் ஸ்டெல்லா மூளைக்காய்ச்சலில் இறந்த நாற்பதாம் நாள், பழங்களுக்குப் பக்கத்தில் இரட்டை ஜடை போட்ட ஒரு தலையின் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை. குனிந்தபோது நிழல் அங்கேயே இருந்தது. நீலத்தையும் பழுப்பையும் குழைத்து அதையும் அவசர அவசரமாக வரைந்தார்.

"போயிடாத கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்று கெஞ்சினார். வெயில் நகர்ந்ததும் அது போய்விட்டது.

அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் தவறவிடவில்லை. மனைவி தெரசாவுக்குத் துணியில் எதுவும் தெரியாது. படத்தில் மட்டும்தான் பார்ப்பாள். மூன்றாம் வருடம் அவள் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"இங்க பாருங்க. கொய்யா நெழல் அப்டியேதான் கீது. இவ மட்டும் வளந்துகினே போறா."

"இன்னும் வளந்தா துணியில அடங்கமாட்டா தெரசா. அப்புறம் நான் அவள எங்க போயி பாப்பேன்?" என்று செபாஸ்டியன் உடைந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு அவர் வரைந்து முடித்தபோது, தெரசா ஸ்டெல்லாவின் பச்சைப் பாவாடையில் அடித் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு விரக்கடை எறக்குனா போதுமாங்க?"

அவர் ஈரம் காயாத படத்தைப் பார்த்தார்.

"ஆறு" என்றார்.