நாற்பது பெட்டி

உங்களுக்குப் பெருமை சேர்க்கும் ஓர் எண்ணை, அது எப்படி வந்தது என்று என்றைக்காவது கிட்டப் போய்ப் பார்த்ததுண்டா?

மருந்துக் கிடங்கின் திட்ட அதிகாரிக்கு அன்று காலை கால் தரையில் பாவவில்லை. எந்த ஊருக்கு எத்தனை பெட்டி, அதற்கு எத்தனை லாரி என்று கணினியே சொல்லும்படி அவள் அமைத்த கணக்கு, ஒன்பது லாரியை ஆறாகக் குறைத்திருந்தது. அதன் முதல் விதி, நாற்பது பெட்டி சேராமல் எந்த ஊருக்கும் வண்டி கிளம்பக் கூடாது என்பது.

அதைவிடப் பெரிய சேதி, மலைமேல் இருக்கும் பதினேழாம் எண் ஊர். வாரம் இரண்டே பெட்டி கேட்டுக்கொண்டிருந்த ஊர், விதி வந்த மறு மாதமே வாரம் நாற்பது கேட்கத் தொடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு முதலாளி முன்னால் அதைத்தான் சொல்லப் போகிறாள்.

சந்தோஷம் தாங்காமல் சரக்கு ஏற்றும் இடத்துக்கே ஓடினாள்.

"அண்ணே, பதினேழுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து எண்பது பெட்டி போடலாம்னு இருக்கேன்."

சரக்கு ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி தேநீரைக் கீழே வைத்தார். "எண்பதா? தாங்காது மேடம்."

"வண்டி தாங்காதா?"

"வண்டி தாங்கும். எங்க முதுகுதான் தாங்காது" என்றார் லாரிக்குள்ளிருந்து ஓட்டுநர். மேஸ்திரி அவரை முறைத்தார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினேழுக்கு ஏற்றியிருந்ததில் பெரும்பாலும் பஞ்சுப் பெட்டிகள். மூலையெல்லாம் நைந்து, டேப்புக்கு மேல் டேப். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி.

"இது அப்பவே போன சரக்காச்சே. இங்க எப்படி இருக்கு?"

மேஸ்திரி ஓட்டுநரைப் பார்த்தார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இல்லாத ஆர்டரை எழுதிச் சரக்கைச் சுருட்டறீங்களா? நேரா முதலாளிகிட்டப் போறேன்."

"போங்க மேடம். எண்ணிப் பார்த்துட்டுப் போங்க" என்றார் மேஸ்திரி. "முப்பத்தெட்டு பஞ்சுப் பெட்டியும் மலைக்குப் போகும், மறுநாள் அப்படியே திரும்பி வந்துடும். திரும்பி வர்றதைத்தான் உங்க கணக்கு பார்க்கறதே இல்லையே."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"மீதி ரெண்டு பெட்டிக்காக. அதுல இருக்கறது பால்மாவு. அங்க இரட்டைப் பிள்ளைங்க, வேற எந்தப் பாலும் உடம்புக்கு ஒத்துக்காது. வாரம் ரெண்டுன்னா நாற்பது சேர இருபது வாரம் ஆகும். அது வரைக்கும் எதைக் குடிக்கும்?"

"உங்க சொந்தக்காரங்களா?"

"முகம்கூடத் தெரியாது. மருந்துக் கடைக்காரர் போன்ல அழுதார்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எழுதிக் கொடுத்தோமே மேடம். ஒரு ஊருக்காக விதியை மாத்தினா கணக்கே கெட்டுடும்னு நீங்கதானே பதில் போட்டீங்க."

மணி பதினொன்று.

"வாம்மா. ரெண்டை நாற்பதாக்கின கெட்டிக்காரி" என்று எழுந்தே நின்றுவிட்டார் முதலாளி.

அவள் உட்காரவில்லை.

"ஆக்கினது நான் இல்லை ஐயா. மேஸ்திரி பொய்தான் எழுதியிருக்கார். எழுத வெச்சது என் விதி. முப்பத்தெட்டையும் இறக்கச் சொல்லிட்டேன். வண்டி ரெண்டே பெட்டியோட கீழ நிக்குது, விதிப்படி அது கிளம்பக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த விதியை மாத்தி, இன்னைக்கே, இப்பவே கையெழுத்துப் போடுங்க."