ஒரு நீளம், இரண்டு குட்டை

மூடுபனி இறங்கியபோது அக்கா படகின் பழுப்புப் பாய் என் படகுக்கு ஐம்பது கெஜம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. குனிந்து மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். பாயும் இல்லை, கடலும் இல்லை.

ஊதலை எடுத்து ஊதினேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. பாய்மரப் படகு இங்கே இருக்கிறது, இடித்துவிடாதே என்று அர்த்தம். பனியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஊத வேண்டும். அமெரிக்காவின் இந்த மேய்ன் கரையில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

பதில் வந்தது. கிழக்கே எங்கோ, ஒரு நீளம், இரண்டு குட்டை.

அப்பாடா என்றிருந்தது.

அக்கா கோராவுக்கு எழுபத்திரண்டு வயது. சார்டின் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம், சிகரெட்டோடு ஐம்பது வருடம். நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது, அடுத்த கோடையைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் பிறந்தால் ஆளுக்கொரு படகில் தீவு தீவாகப் போவோம். பகலெல்லாம் ஓட்டம். சாயங்காலம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம், டப்பா பீன்ஸ், சண்டை. முப்பத்தொரு வருடமாக இப்படித்தான்.

இந்த வருடம் என் படகிலேயே வந்துவிடு என்றேன்.

"உன் படகுல நான் மூட்டையாட்டம் உக்காந்து வரணுமா? போடி."

"பனி வந்தா ஊதணும்க்கா. மாடி ஏறவே உனக்கு மூச்சு பத்தல. எங்க, ஊதிக் காட்டு, அப்புறம் பாக்கலாம்."

காட்டினாள். இன்று காலை துறையை விட்டு நாற்பது அடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊதினாள். அப்படி ஒரு சத்தம். துறையில் சிங்கி இறால் கூண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் என் கயிற்றை அவிழ்த்தேன்.

இப்போது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். காற்று செத்துக் கிடந்ததால் துடுப்புதான் போட்டேன். பனியில் சத்தம் ஒரு தரம் இங்கே கேட்கும், ஒரு தரம் அங்கே கேட்கும். திசைகாட்டியைப் பார்ப்பேன், காதைத் திருப்புவேன், மறுபடி ஊதுவேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். குரல் வரவில்லை. ஊதுவதற்கே மூச்சு சரியாக இருக்கும், கத்துவதற்கு எங்கே போவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு தடவை அவள் ஊதலும் என் ஊதலும் மோதிக்கொண்டன. அடுத்தவர் முடிக்கும்வரை பொறுக்கத் தெரியாதவள். பிறந்ததிலிருந்தே அப்படி.

அவளிடம் மிச்சமிருப்பதே கொஞ்சம் மூச்சு. அதையும் எனக்காக இப்படிச் செலவு செய்கிறாளே என்று அழுகை வந்தது. நான் ஊதாவிட்டால் அவளும் சற்று ஓய்வாள் என்று ஒரு தரம் விட்டுப் பார்த்தேன். அவள் விடவில்லை.

ரேடியோவில் கடலோரக் காவல்படை ஆள் வந்தான். பனிக்குள் இரண்டு சின்னப் பாய்ப் படகுகள் மாட்டியிருப்பதாக ஒரு இறால் படகுக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார்.

"படகு அனுப்பட்டுமாம்மா? கால் மணி நேரத்துல வந்துருவோம்."

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காவல்படை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால் கோரா அப்புறம் படகில் ஏறவே மாட்டாள். இருப்பதே ஒரு கோடை. அதையும் நானா கெடுப்பது?

"வேணாம்ப்பா. அக்கா ஊதறது கேக்குது. நல்லாத்தான் இருக்கா."

அப்போது மணி பத்தேகால்.

பதினொன்றுக்குப் பழுப்புப் பாய் தெரிந்தது. தொங்கிக் கிடந்தது. படகு தன்பாட்டுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா என்று கூப்பிட்டபடியே என் படகை ஒட்டினேன்.

படகில் யாரும் இல்லை.

மிதவைச் சட்டை மட்டும் இருக்கையில் இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொள்ள மாட்டாள், மெத்தையாக்கி மேலே உட்காருவாள்.

அப்போது என் காதுக்குப் பக்கத்திலேயே ஊதல் ஒலித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

பாய்மரத்தின் அடியில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று திருகி மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் இருக்கைக்கு அடியில் ஓடியது. அங்கே ஒரு கார் பாட்டரி, அதன் மேல் சின்னப் பெட்டி, பச்சை விளக்கு. இதைக் கடையில் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் பொத்தானை அழுத்தினால் போதும், நிறுத்தும்வரை தானாகவே ஊதிக்கொண்டிருக்கும். சோம்பேறிகளுக்குச் செய்தது என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சிரித்தோம்.

ஊதிக் காட்டு என்று சொன்னவள் நான்.

பொத்தானை அழுத்திய கையோடு விழுந்தாளா, கொஞ்ச நேரம் முன்புதான் விழுந்தாளா, தெரியவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டேன். எலும்பு வரை வலித்தது. படகு வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்தே பார்த்தாலும், அந்தத் தண்ணீரில் முக்கால் மணி நேரம்.

ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். பேச்சு வரவில்லை. அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அது மறுபடி ஊதி முடித்தது. என் விரல் பொத்தானிலிருந்து நழுவியது.

அந்தப் பக்கம் அந்த ஆள் சந்தோஷமாகச் சொன்னான்.

"கேக்குதும்மா, எங்களுக்கே நல்லா கேக்குது. உங்க அக்காவுக்கு என்னா மூச்சு!"