நாலாவது சரணம்

"வேற ஒண்ணு காட்டு தம்பி. இது வேணாம்."

ஞானசௌந்தரி இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை. கடைக்காரன் கங்கையா அந்த சிடி பிளேயரை ஓரமாகத் தள்ளி வைத்தான். கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு வந்த முதல் கிராக்கி இந்த அம்மா. போணி ஆகாமல் போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது திருப்பதிக் கடைத்தெருவில் எல்லோரும் நம்புகிற வேதம்.

"அக்கா, சூடண்டி, நல்லாப் பாருங்க, இது கம்பெனி மாலு. வெலையும் கம்மி. உங்க ஆம்ப்ளிபையர்ல சொருவுறதுக்கு பின்னாடி செவப்பு, வெள்ளைன்னு ரெண்டு ஓட்டையும் இருக்குது. இதுல என்ன கொறை கண்டீங்க?"

"லைட்டு நீலமா எரியுது. கண்ணு கூசுது."

இதற்கு முந்தைய சிடி பிளேயரில் ரிமோட்டில் பொத்தான்கள் ஜாஸ்தி. அதற்கும் முந்தையது தட்டை வெளியே நீட்டும்போது நாக்கைத் துருத்திப் பழிப்பு காட்டுகிறதாம்.

சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள் ஞானசௌந்தரி. மகன் ஆசீர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிதில், அப்பா ஜெபதாஸுக்கு ஆம்ப்ளிபையரும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சிடி பிளேயரும் வாங்கித் தந்திருந்தான். அந்த பிளேயர் கொஞ்ச நாளாகப் பாட்டின் நடுவில் குதிக்க ஆரம்பித்தது. ஜெபதாஸ் கோபத்தில் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, புதுசு வாங்கி வரச் சொல்லி மனைவியை அனுப்பிவிட்டார்.

"அவரையும் கூட்டினு வந்திருக்கலாமே அக்கா?"

"அவரு வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருக்காரு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் எங்க ஈவ்லினைப் பொண்ணு பாக்க வேலூர்லருந்து வர்றாங்க. நல்ல எடம் தம்பி. பையன் தங்கமான பையன். எங்க பொண்ணுக்கும் புடிச்சிப் போச்சி. முன்ன ரெண்டு சம்பந்தம் வந்து கூடாம போயிடுச்சி. இதுவும் கை நழுவிச்சின்னா அவ மனசு ஒடஞ்சிடும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வர்றவங்க காப்பி குடிக்கறப்ப எங்க சபை பாடகர் குழு பாடின சிடியைப் போட்டே ஆவணும்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சித்தூர்ல எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேன். ஒண்ணும் சரிப்படல. இன்னிக்குள்ள வாங்கியாவணும்."

மூன்று பெண்களைப் பெற்றவன் கங்கையா. மனசு இளகிவிட்டது. போணியை விடு, இந்த அம்மாளை வெறுங்கையோடு அனுப்பினால் பாவம் சேரும் என்று நினைத்தான். கடையிலேயே உசத்தியான பெட்டியைத் தூக்கி வைத்தான்.

"வெலையைப் பாக்காதீங்க. அசலுக்கே தர்றேன். அந்த சிடியைக் குடுங்க."

முந்தைய மூன்று பிளேயரிலும் போட்டுப் பார்த்த அதே சிடியை வாங்கியவன் இந்தத் தடவையும் உச்சுக் கொட்டினான். சிடியில் அப்படி ஒரு கீறல். போட்டான். மூன்றாவது பாட்டு. ஞானசௌந்தரி கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து மூன்று சரணங்களைப் பாடி முடித்தார்கள். நாலாவது சரணத்தில் ஓர் ஆண் குரல் தனியாகப் புறப்பட்டது. கங்கையா உற்சாகமாகச் சத்தத்தைக் கூட்டினான். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தெருவில் போன மொட்டைத் தலைகள் நாலைந்து திரும்பிப் பார்த்தன.

"கேட்டீங்களா! இம்மாம் பெரிய கீறலை அலுங்காம தாண்டிப் போவுது!"

"போதும், நிறுத்து!" என்றாள் அவள். முகம் செத்துவிட்டது. "வேற இல்லையா?"

"இதுக்கு மேல திருப்பதியிலேயே கெடையாதுக்கா. ஒரே ஒரு பழைய உருப்படி பரண் மேல கெடக்குது. லென்ஸ் வீக்கு, கீறல் வந்தா தடுமாறும். உங்களுக்கு ஆவாது."

"அதையும்தான் எடேன்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஏணி போட்டு ஏறினான். தூசி தட்டி, ஒயர் சொருகி, சிடியைப் போட்டான். மூன்று சரணம் ஒழுங்காகப் பாடியது. நாலாவது தொடங்கும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரே தாவாகத் தாவி ஐந்தாவது சரணத்தில் போய் நின்றது.

"நான்தான் சொன்னேனே" என்று கங்கையா அணைக்கப் போனான்.

"இரு இரு. இன்னொரு தபா போடு."

மறுபடியும் அதே தாவல்.

"எப்பவும் இப்படித்தான் குதிக்குமா?"

"தலைகீழா நின்னாலும் குதிக்கும்க்கா."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! இதையே கட்டு தம்பி."

கங்கையா வாயைப் பிளந்தான். போணிக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போடலாமா?

"வேணாம்க்கா. நாளைக்கு சம்பந்தி ஆளுங்க முன்னாடி பாட்டு குதிச்சா மானம் போயிடும். நல்ல பொட்டியையே இதே வெலைக்கு எடுத்துக்கினு போங்க. எந்தப் பாவி இந்த சிடியைக் கீறினானோ!"

ஞானசௌந்தரி கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"நான்தான் தம்பி, கோணி ஊசியால கீறினேன். நாலாவது சரணம் எங்க வூட்டுக்காரரு தனியா பாடினது; முன்ன வந்த ரெண்டு சம்பந்தமும் அந்த எடத்துலதான் காப்பியைப் பாதியில வெச்சிட்டு எழுந்து போனாங்க!"