மதிலோரச் சண்டை

எதிர் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டால் மணி பார்க்க வேண்டாம், விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் வீடு, தம்பி வீடு. நடுவில் ஒரு மதில். அந்தப் பக்கம் அண்ணன் மனைவி, இந்தப் பக்கம் தம்பி மனைவி.

"எங்க தண்ணியை உறிஞ்சறவளுக்குப் பேச்சைப் பாரு!"

"ஆமா, உங்க குழாயில நான் வாய் வச்சு உறிஞ்சறேன்!"

விஷயம் இதுதான். தண்ணீர் கீழே இறங்கிவிட்டதென்று போன கோடையில் தம்பி தன் போர்க்கிணற்றை ஆழப்படுத்தினான். அதிலிருந்து அண்ணன் வீட்டில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. "செத்தாலும் அவன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் வாசப்படி ஏறக் கூடாது" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டார். அண்ணன் தம்பி பேச்சும் அன்றோடு நின்றது.

ஒட்டி வளர்ந்த பிள்ளைகள், தண்ணிக்காக இப்படியா? எனக்கு ஆத்திரமாக வரும்.

நேற்று அண்ணன் வீட்டு வாசலில் போர் லாரி வந்து நின்றது.

"தம்பி போனதுக்கும் கீழே போங்க" என்றார் அண்ணன்.

எனக்குப் பகீரென்றது. இவர் கீழே போனால் தெரு முழுக்க வற்றிவிடுமே! போட்டது போட்டபடி ஓடினேன்.

"கவலைப்படாதீங்கக்கா" என்றார் போர்க்காரர். "வத்தினா சொல்லுங்க, உங்களுக்கும் இறக்கித் தர்றேன். பின்தெரு பூரா நான்தான் இறக்கினேன்."

"இப்ப அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. எல்லா வீடும் பூட்டிக் கிடக்கு. ஆனா வேலை சுத்தம்க்கா!"

அண்ணன் மனைவி குறுக்கே வந்தாள். "வேண்டாங்க. வர்ற தண்ணியே போதும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளு."

போர்க்காரர் பழைய மோட்டாரை மேலே தூக்கினார். கருகிப் போயிருந்தது. உள்ளே கயிறு விட்டுப் பார்த்தார். நுனியில் புழுதி ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன சார், இது வத்தி மாசக்கணக்கா ஆகியிருக்கும் போலிருக்கே!"

"உளறாதய்யா. காலையிலகூடத் தொட்டி ரொம்பிச்சே!"

அண்ணன் மதிலோரம் இருந்த தரைத்தொட்டிக்கு விடுவிடுவென்று போனார். நான் விடுவேனா? பின்னாலேயே போனேன். மூடியைத் திறந்தால், மதிலுக்கு அடியில் துளை போட்டு, தம்பி வீட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் உள்ளே இறங்கியிருந்தது.

அண்ணன் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. தினமும் மோட்டார் போடுகிறவள் அவள்தானே.

மதிலுக்கு மேலே தம்பியின் தலை தெரிந்தது.

"கேட்டா நீங்க வேண்டாம்பீங்கண்ணே" என்றான். "அதான் கேக்கலை. எங்களால வத்தினதுதானே அது."

அண்ணன் லாரியைத் திருப்பி அனுப்பினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று நன்றாக விடிந்தும் எதிர் வீட்டில் சத்தத்தையே காணோம். வீம்பு பிடித்த மனுஷன், குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டாரோ? ஜன்னலுக்கு ஓடினேன். மதிலின் இரண்டு பக்கமும் அந்த இரண்டு பெண்களும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே இருந்து அண்ணன் குரல் வந்தது.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாட்டம் நிக்கறீங்க? தண்ணி விழற சத்தம் என் காதுல விழுது. சீக்கிரம் சண்டையை ஆரம்பிங்க!"