இருபத்தோரு நாள் திருட்டு

இந்த முறை பூட்டை உடைப்பதில்லை என்று லோகநாதன் முடிவு செய்திருந்தான். பட்டப்பகலில், வாசல் வழியாகப் போய், வீட்டுக்காரி காபி போட்டுக் கொடுக்கக் கொடுக்கத் திருட வேண்டும்.

ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "இன்னொரு தபா போலீஸ் நம்ம வூட்டாண்ட வந்துச்சுன்னா, நான் சடையங்குப்பத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று மனைவி ஜோதிகா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

துப்பு கொண்டுவந்தவன் அவள் தம்பி சுப்புராஜ். கொத்து வேலை நன்றாகத் தெரிந்தவன். வேலைக்குப் போவது மட்டும் பிடிக்காது. காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் காதில் விழுந்ததை மூச்சிரைக்க வந்து சொன்னான்.

"மாமு, ராயபுரத்துல சுகிர்தம் டீச்சர்னு ஒரு அம்மா தனியா கீது. அதோட வூட்டுக்காரரு ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவரு. கப்பல்ல வந்த தங்க பிஸ்கட்டை கிச்சன், பாத்ரூம் செவுத்துல எங்கியோ வச்சுப் பூசிட்டு, பொட்டுனு போய்ச் சேந்துட்டாராம். அந்தம்மாவுக்கு ஒண்ணியும் தெரியாதாம்!"

லோகநாதன் ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. மறுநாளே கார்டு அடித்துவிட்டான்.

'லோகநாதன், ப்ராஜெக்ட் மேனேஜர். கிச்சன், பாத்ரூம் புதுப்பித்துத் தரப்படும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே இருந்து வழிகாட்டப்படும்.'

சுகிர்தம் டீச்சர் கார்டை இரண்டு முறை படித்தாள். மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

"கூடவே இருப்பீங்களா? தினமும்?"

"ஒரு நாள்கூட லீவு கெடையாது டீச்சர்."

"எந்தெந்தச் சுவரை உடைக்கணும்?"

"எல்லாத்தியும்."

டீச்சர் உடனே எழுந்தாள். ஒரு சார்ட் பேப்பரை எடுத்து இருபத்தோரு கட்டம் போட்டு, ஹால் சுவரில் மாட்டினாள். முதல் வாரம் உடைப்பு. இரண்டாவது வாரம் குழாய், பூச்சு. மூன்றாவது வாரம் டைல்ஸ். "காலைல ஒன்பது மணிக்கு விசில் அடிப்பேன். அப்போ கையில கடப்பாரை இருக்கணும்."

அந்தத் தெருவே அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாகப் பெயர்த்து, தட்டிப் பார்த்து, ஓரமாக அடுக்கினார்கள். உதிர்ந்த மண்ணைச் சல்லடையில் சலித்த பிறகே மூட்டை கட்டினார்கள். பக்கத்து வீட்டு சபீஹா மாடியில் நின்று, வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் கடப்பாரை 'ணங்' என்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "பழைய இரும்புக் குழாய். துரு ஏறியிருக்கு. மாத்திடுங்க."

மாற்றினார்கள்.

ஏழாம் நாள் எல்லாச் சுவரும் தீர்ந்துபோனது. தரையையும் தோண்டிப் பார்த்தாயிற்று. ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை.

"மாமு, எஸ்கேப் ஆயிடலாம்" என்றான் சுப்புராஜ்.

"எப்பிட்றா? கார்டுல என் அட்ரஸ் கீது. கிச்சனை இடிச்சுப்போட்டு ஓடிட்டான்னு அந்தம்மா ஸ்டேஷனுக்குப் போச்சுன்னா, போலீஸ் வூட்டுக்கு வரும். உங்கக்கா பூடுவா. கலவையைப் போடு."

அதன்பிறகு லோகநாதனுக்கு என்னவோ ஆகிவிட்டது. டைல்ஸ் நிறம் கொஞ்சம் மாறி வந்ததற்குக் கடைக்காரனோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டான். பாத்ரூம் தரையில் ரசமட்டம் வைத்துக் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தான். தண்ணீர் ஓடும் வாட்டம் சரியில்லை என்று, சுப்புராஜ் ஒட்டியதை எல்லாம் பெயர்த்தான்.

"மாமு, நாம திருட வந்தமா, டைல்ஸ் ஒட்ட வந்தமா?"

"கம்முனு இர்ரா. ஒயிட் சிமெண்ட் காயுது, காலால மெரிச்சிடாத."

இருபத்தோராம் நாள், டீச்சர் ஒரு குவளைத் தண்ணீரை பாத்ரூம் மூலையில் ஊற்றினாள். எங்கும் தேங்காமல், வளையாமல், தண்ணீர் நேராக ஓடி வடிகால் ஜாலிக்குள் இறங்கியது. டீச்சர் விசிலை நீளமாக ஊதினாள்.

லோகநாதன் குனிந்து, ஈரமான மூலையைத் தன் துண்டால் துடைத்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருந்ததைவிட அதிகமாக வைத்துவிட்டு வருவது அவன் தொழிலில் இதுதான் முதல் தடவை.

புது மேடையில் சமைத்த வஞ்சிர மீன் குழம்பை டீச்சரே பரிமாறினாள். "ரெண்டு வருஷமா அலைஞ்சேன் லோகநாதன். எந்த மேஸ்திரியும் ஒரு நாள் வந்தா நாலு நாள் வரமாட்டான். நீங்க ஒரு விசில்கூடத் தவறவிடலை. பக்கத்து வீட்டு சபீஹாவும் கிச்சனை மாத்தணுமாம். நாளைக்கே ஆரம்பிச்சிடறீங்களா?"

இன்னொரு இருபத்தோரு நாளா? லோகநாதன் சோற்றைப் பிசைந்தபடி இழுத்தான். "கைல வேற ப்ராஜெக்ட் கீது டீச்சர்… பாக்கலாம்."

"இழுக்காதீங்க" என்றாள் டீச்சர், இன்னொரு மீன் துண்டை அவன் தட்டில் வைத்துக்கொண்டே.

"நேரா வந்துடறீங்களா, இல்ல என் வீட்டுக்குப் பண்ணின மாதிரியே, அவ மாமனாரும் சுவத்துல தங்கம் வச்சுப் பூசிட்டுப் போனார்னு மார்க்கெட்ல நான் கதை கட்டிவிடணுமா?"