முள்ளம்பன்றிப் பாட்டு

"பாட வருமாம்மா?" என்று மாப்பிள்ளையின் அப்பா ராமசாமி கேட்டதும், தனுஷா தொண்டையைச் செருமிக்கொண்டு பொம்மைப் படப் பாட்டை எடுத்துவிட்டாள்.

முள்ளம்பன்றிக் குட்டி பாடுகிற பாட்டு.

"கிட்ட வந்தா குத்துவேன், எட்டிப் போனா கத்துவேன்..."

பொங்கலானாலும் தீபாவளியானாலும் டிவிக்காரன் தவறாமல் போடுகிற படம். எந்த நாட்டுக்காரனோ எடுத்து, எவனோ தமிழில் பேசவைத்த படம். குட்டி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாடும். காட்டிலுள்ள மிருகமெல்லாம் தெறித்து ஓடும்.

பெண் பார்க்க வந்தவர்களும் ஓடுவார்கள். போன இரண்டு கூட்டமும் அப்படித்தான், காபியை முழுசாகக் குடிக்காமல் தியாகதுருகத்தைத் தாண்டிவிட்டது. 'பொண்ணுக்கு வெளயாட்டுத்தனம் ஜாஸ்தியாம்' என்று தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

வேறு என்ன செய்வது? ஓசூரில் வேலை. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவள் படித்த படிப்புக்கு, அவள் பெயரில் வந்த வேலை. 'எங்க பரம்பரையிலயே மொத டிகிரி' என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அப்பா சுப்புராயன், ஆர்டர் வந்ததும் தரகரைத்தான் கூப்பிட்டார்.

அவள் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை. வந்தவர்கள் வேண்டாம் என்றால்தான் பேச்சு.

ஆகவே இன்றைக்கும் குத்தினாள், கத்தினாள். போதாததற்கு மூக்கால் வேறு பாடினாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ராமசாமி தொடையில் தாளம் போட்டார். மாப்பிள்ளை, முப்பது வயது ஆள், கரடி வருகிற இடத்தில் கரடிக்கான மேளத்தை வாயாலேயே வாசித்தான். "எங்க வூட்ல இந்தப் படத்தப் போட்டா, கரண்டு போனாதான் அடுப்பு எரியும்" என்றாள் அவனுடைய அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சுப்புராயனும் சிரித்தார், என்னமோ அவரே படம் எடுத்தவர் மாதிரி.

தனுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் போன கிழவரும் பல் முளைக்காத பிள்ளையும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஊர் உட்கார்ந்திருந்தால், ஒரு பெண் எந்தப் பாட்டைப் பாடித்தான் தப்பிப்பாள்?

முதல் சரணத்தோடு நிறுத்திவிட்டாள்.

நிறுத்தின இடத்தில் இன்னொரு குரல் எடுத்தது.

மாப்பிள்ளையின் அம்மா, அம்சவள்ளி. வந்ததிலிருந்து வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள். இரண்டாவது சரணம் தாய் முள்ளம்பன்றியுடையது. குட்டியின் ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் கூட வரும் இடம். அம்சவள்ளி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுருதி விலகாமல் பாடினாள்.

"என் முள்ளெல்லாம் உதிர்ந்து போச்சு,
உன் முள்ளை நீ வச்சுக்கோ..."

கரடிக்கு மேளம் வாசித்தவன் தன் அம்மாவை வேற்றாளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இத்த எப்பக் கத்துக்கினே நீ?" என்றார் ராமசாமி.

அம்சவள்ளி கண்ணைத் திறந்து தனுஷாவைத்தான் பார்த்தாள். "வேலைக்கு ஆர்டர் வந்துக்குதாமே, கண்ணு?"

"அத்த வுடுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார். "சும்மா எழுதிப் போட்டா, வந்துட்சு. அதெல்லாம் போவ மாட்டா."

தனுஷா பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அம்சவள்ளி பார்வையை எடுக்கவில்லை.

"அப்புறம் இன்னாங்க?" ராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பாட்டே பொருந்திட்சு. நல்ல நாளுதான். இன்னிக்கே தட்ட மாத்திக்கினு போயிடறோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தனுஷாவின் அம்மா காசியம்மாள் ஓடிப்போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். காலையிலேயே அடுக்கி வைத்திருப்பாள் போலிருக்கிறது. கைக்கு வந்த ஓசூர் வேலையைத் தன் வாயாலேயே பாடித் தொலைத்தாயிற்று என்று தனுஷாவுக்குத் தோன்றியது.

தட்டு நீண்டது. அம்சவள்ளி கை நீட்டவில்லை.

"மன்னிச்சுக்குங்க. காலையில எங்க கொலதெய்வம் கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாத்தேன். சாமி உத்தரவு குடுக்கல. உங்க மனசு நோவுமேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

ராமசாமி சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

ஜாதகம் என்றால் வேறு ஜோசியரிடம் காட்டலாம். பூவுக்கு மேல்முறையீடு கிடையாது. "சாமி விஷயங்க, நாம இன்னா பண்ண முடியும்" என்று அப்பா தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

தனுஷா ஜன்னலோரம் போய் நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அதற்கும் எரிச்சல்தான் வந்தது. அவள் படிப்பு காப்பாற்றவில்லை, அவள் வாய் காப்பாற்றவில்லை. யாரோ வீட்டுக் குலதெய்வமும் ஒரு பூப் பொட்டலமும் வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மூன்று வருஷம் காலேஜுக்குப் போய் என்னத்தைக் கிழித்தாள்?

வெளியே வண்டிப் பக்கத்திலிருந்து ராமசாமியின் சத்தம் கேட்டது. அடக்கித்தான் பேசினார், அவருடைய அடக்கம் அவ்வளவுதான்.

"கோயிலு கல்வராயன் மல மேல கீது. காலையிலேர்ந்து கெளம்புற வரைக்கும் வூட்டு வாசப்படியத் தாண்டல நீ. எங்கடி போயி பூ கட்டிப் பாத்தே?"

அம்சவள்ளி சேலையை ஒதுக்கிப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.