பச்சை ஸ்டிக்கர்

கம்போடியாவிலிருந்து எல்லையை நடந்து கடந்து வரும் பயணிகளைத் தாய்லாந்துப் பக்கம் நின்று வேனில் ஏற்றுவது பிரசித்தின் வேலை. சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் அடையாளம். அந்தப் பக்கம் நின்று சோக்கோன் ஒட்டி அனுப்பிய காலம்வரை அது பச்சை. போன மழைக்காலத்தில் அவன் இறந்தான். புதிதாக வந்தவன் மஞ்சள் ஒட்டுகிறான்.

அன்று லிகாயா என்ற பெண் மட்டும் வந்து சேரவில்லை. காலையிலிருந்தே அவளுக்குக் காய்ச்சலாம்.

"அண்ணே, வண்டி கிளம்புமா, இல்ல தள்ளணுமா?" என்றான் பின்சீட்டுக்காரன்.

"இறங்கித் தள்ளு, புண்ணியமாப் போகும்" என்றான் பிரசித். வெயிலில் நின்று அவளுக்காகக் காத்திருந்தான்.

கடைசியில் அவள் தள்ளாடி வந்தாள். சட்டையில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது.

"வழியில மயங்கி விழுந்துட்டேன். ஒருத்தர் எழுப்பி, தண்ணி குடுத்து, இதையும் ஒட்டிவிட்டார். பிரசித் விட்டுட்டுப் போகமாட்டான், வான்னு கூட்டிட்டு வந்தார்."

பிரசித் அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான். பிறகு கேட்டான்.

"அவருக்கு ஒரு கால் மரக்கால்தானே, தங்கச்சி?"

"மரக்காலா? இல்லியே. என் மூட்டையையும் தூக்கிக்கிட்டு, ரெண்டு வெறுங்காலோட எனக்கு முன்னால ஓட்டமா நடந்தாரே."

பிரசித் எல்லைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். கூப்பிய கை இறங்க நேரமாயிற்று. வேனில் யாரும் அவசரப்படுத்தவில்லை.